பதக்கத்தின் மறுபக்கம்: சாந்தி சௌந்திரராஜன்

நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பார்கள். பதக்கத்துக்கும் அப்படித்தான். ஒரு பக்கத்தை எல்லோரும் பார்க்கிறோம். கொடி ஏறுகிறது, கை தட்டுகிறோம், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. மறுபக்கம் அந்த விளையாட்டு வீரரின் உடம்புக்கும் மனசுக்கும் மட்டும்தான் தெரியும்.

டி.வி.யில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பனித்தரையில், காலணிக்கு அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு வைத்துக்கொண்டு, சின்னச் சின்னப் பெண்கள் காற்றில் எழும்பிச் சுழன்று இறங்குவார்கள். பார்க்க பூ விழுவது போல இருக்கும். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் யூலியா லிப்னித்ஸ்கயா அப்படித்தான் குழுப்போட்டியில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 15. மூன்றே ஆண்டுகளில், 19 வயதில், விளையாட்டை விட்டே விலகிவிட்டார். உணவை ஒதுக்கி உடலை வருத்தும் அனோரெக்சியா நோய்க்கு அவர் சிகிச்சை பெற்றது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

2022-ல் பெய்ஜிங்கில் கமிலா வலியேவா. அவருக்கும் 15 வயதுதான். ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவே ஆட வந்து, உலகமே பார்த்துக்கொண்டிருக்க திரும்பத் திரும்ப விழுந்தார். நான்காம் இடம். அழுதுகொண்டே வெளியே வந்த சிறுமியிடம் பயிற்சியாளர் ஆறுதல் சொல்லவில்லை, "ஏன் விட்டுக்கொடுத்தாய்?" என்கிற மாதிரி கேள்வி கேட்டார். அதுவும் கேமராவில் பதிவானது. அதே ஆண்டு ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் பெரியவர்கள் பிரிவில் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தியது.

இதெல்லாம் ரஷ்யாவில், பனிப் பிரதேசத்தில் நடந்த கதை, நமக்கு என்ன என்று தோன்றலாம். பனியே விழாத தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. இங்கே கத்திக் காலணிக்குப் பதில் ஓட்டக் காலணி, பனித்தரைக்குப் பதில் செம்மண் தரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கத்தக்குறிச்சியிலிருந்து தோஹா வரை

சாந்தி சௌந்திரராஜன் பிறந்தது 1981-ல், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி கிராமத்தில். தலித் குடும்பம். அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை மிதித்துக் குழைத்து, அச்சில் கல் அறுத்து, வெயிலில் காயப்போட்டு, சுமந்து போய் அடுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாங்கிய முன்பணம் தீரும் வரை சூளையை விட்டு நகர முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் மூத்த பெண் சாந்தி. பெற்றோர் வேலைக்குப் போனபின் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. அவரும் ஒரு காலத்தில் ஓட்டக்காரர். வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரைதான் முதல் மைதானம். பள்ளிப் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு பயிற்சியாளர்கள் கவனித்தார்கள். கல்லூரி, அதற்குப் பிறகு சென்னையில் பயிற்சி. புதுக்கோட்டையிலிருந்து விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் ரயிலில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஒரு பையையும் ஒரு ஜோடி ஷூவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விளையாட்டு இட ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு, ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை, இதுதான் பெரும்பாலோரின் கனவு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் பொழுதுபோக்கு கிடையாது. குடும்பம் கரையேறுவதற்கான படகு அது.

சாந்தி அந்தக் கனவையும் தாண்டிப் போனார். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் புதிய தேசிய சாதனை. 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. சர்வதேசப் போட்டிகளில் மட்டும் மொத்தம் 12 பதக்கங்கள்.

2006 டிசம்பர், கத்தார் நாட்டின் தோஹா. ஆசிய விளையாட்டுப் போட்டி, பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலிடம். இரண்டாம் இடத்துக்குக் கடும் போட்டி! கடைசி அடியில் சாந்தி பாய்ந்து கோட்டைத் தொட்டார். நேரம் 2 நிமிடம் 3.16 வினாடி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தானின் விக்டோரியா யாலொவ்ட்சேவாவுக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 வினாடி மட்டுமே. கண் இமைக்க ஆகும் நேரத்தை விடவும் குறைவு.

ஒரு பரிசோதனை

ஓட்டம் முடிந்த பிறகு சாந்தியை ஒரு மருத்துவக் குழுவின் முன்னால் கொண்டுபோனார்கள். அது ஊக்கமருந்துச் சோதனை அல்ல, பாலினச் சோதனை. எதற்காக இந்தச் சோதனை என்று யாரும் தனக்கு விளக்கவில்லை என்று சாந்தி பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த சில நாட்களில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். சோதனையில் அவர் தோற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டு யாலொவ்ட்சேவாவுக்குப் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உடம்பைப் பற்றிய மருத்துவ அறிக்கை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே இருக்க வேண்டிய ரகசியம். சாந்தி விஷயத்தில் அது ஊர் முழுக்க, நாடு முழுக்கப் பேசப்பட்டது. பெண்ணா இல்லையா என்று டீக்கடையில் விவாதம் செய்தார்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்த, பெண்ணாகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றி!

மாநில அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அறிவித்த 15 லட்சம் ரூபாய் பரிசு அவருக்குக் கிடைத்தது. சர்ச்சைக்குப் பிறகும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் ஓடும் வாய்ப்பை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 25. ஒரு 800 மீட்டர் ஓட்டக்காரருக்கு இன்னும் பல நல்ல ஆண்டுகள் மீதம் இருந்த வயது.

2007 செப்டம்பரில் சாந்தி தற்கொலைக்கு முயன்றதாகவும் காப்பாற்றப்பட்டதாகவும் செய்தி வந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவருக்குக் கை தட்டிய கூட்டம் அப்போது எங்கே போயிருந்தது?

இந்தச் சோதனையின் சரித்திரம்

சாந்திக்கு நடந்தது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த ஒன்றில்லை. அதற்கு நாற்பது வருட வரலாறு இருந்தது.

1966-ல் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பியத் தடகளப் போட்டி நடந்தபோது, பெண் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன்னால் ஆடையில்லாமல் நிற்க வேண்டியிருந்தது. இது அவமானம் என்று எதிர்ப்பு எழுந்ததும், உடம்பைப் பார்ப்பதற்குப் பதில் குரோமோசோம் சோதனை வந்தது. 1968-லிருந்து ஒலிம்பிக்கிலும் அது நுழைந்தது. குளிர்கால ஒலிம்பிக்கும் தப்பவில்லை. அதாவது ஸ்கேட்டிங் பெண்களும் இந்த வாசலைத் தாண்டித்தான் போனார்கள்.

போலந்தின் ஈவா குளோபுகோவ்ஸ்கா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 1967-ல் சோதனையில் தோற்றதும் அவருடைய சாதனைகள் அழிக்கப்பட்டன.

ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ தடை தாண்டும் ஓட்டக்காரி. 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் சோதனையில் தோற்றார். காயம் பட்டது போல நடித்து ஒதுங்கிக்கொள் என்று அவருக்கு யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. 1986-ல் தேசியப் போட்டியில் ஓடி ஜெயித்தார். உடனே விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. விடுதி அறை போனது, உதவித்தொகை போனது, பெயரில் இருந்த சாதனைகள் போயின, நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணமும் போனது. அவருடைய உடலில் ஆண் ஹார்மோன் வேலையே செய்யாது, அதனால் ஓட்டத்தில் அவருக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்பதை எடுத்துச் சொல்லிப் போராடி 1988-ல் மீண்டும் அனுமதி வாங்கினார். ஆனால் போன வருடங்கள் போனவைதான். 1992 ஒலிம்பிக்குக்கான தகுதியை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கில் தவறவிட்டார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 8 பெண்கள் இந்தச் சோதனையில் தோற்றார்கள். விசாரித்துப் பார்த்துவிட்டு 8 பேரையுமே போட்டியிட அனுமதித்தார்கள்! அப்படியானால் அந்தச் சோதனை எதைத்தான் கண்டுபிடித்தது? மரபியல் நிபுணர்கள் பலர் இதைத்தான் கேட்டார்கள். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 1992-லும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லும் எல்லாப் பெண்களுக்கும் கட்டாயச் சோதனை என்பதைக் கைவிட்டன. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற கதவை மட்டும் மூடாமல் வைத்துக்கொண்டார்கள். 2006-ல் சாந்தி மாட்டியது அந்தக் கதவில்தான்.

சந்தேகம் யார் மேல் வருகிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். ஒல்லியான உடம்பு, குட்டை முடி, கனத்த குரல், உழைத்து இறுகிய தோள். இதெல்லாம் இருந்தால் பெண் இல்லையா? சூளையில் கல் சுமக்கும் எத்தனை பெண்களுக்கு இப்படிப்பட்ட தோள் இருக்கிறது!

மூன்று நஷ்டங்கள்

போட்டி விளையாட்டில் வெளியே தெரியாத நஷ்டங்கள் மூன்று உண்டு.

முதலாவது உடம்பு. 800 மீட்டர் என்பது தடகளத்திலேயே கடினமான தூரங்களில் ஒன்று. முழு வேகமும் வேண்டும், மூச்சுப் பிடிப்பும் வேண்டும். அதற்கான பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், ரத்தசோகை வரும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்து மருத்துவர்களை எச்சரித்தது. பனித்தரைச் சிறுமி எடை கூடக் கூடாது என்று சாப்பிடாமல் இருக்கிறாள். கிராமத்து ஓட்டக்காரிக்குச் சாப்பாடே போதவில்லை. காரணம் வேறு, விளைவு ஒன்று. இதில் கொடுமை என்னவென்றால், மாதவிலக்கு வராத பெண்ணைப் பார்த்து "பயிற்சி ஜாஸ்தி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அக்கறையோடு ஒரு மருத்துவர் முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால், பிறவியிலேயே உடலமைப்பில் மாறுபாடு உள்ள ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி அமைதியாகத் தெரிந்துகொண்டிருக்க முடியும். அப்படி நடப்பதில்லை. மருத்துவர் முதன்முதலில் வருவதே நீதிபதி வேஷத்தில்தான்.

இரண்டாவது மனசு. ஓட்டக்காரிக்குத் தன் உடம்புதான் நண்பன், மூலதனம், பெருமை எல்லாம். அந்த உடம்பையே ஊர் சந்தேகப்பட்டால் அவள் எங்கே போய் ஒளிவாள்? தோல்வியை அடுத்த போட்டியில் ஈடு கட்டலாம். காயம் ஆறிவிடும். "நீ நீயே இல்லை" என்று சொன்னால் அதற்கு எந்த ஊரில் மருந்து?

மூன்றாவது பிழைப்பு. இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. வசதியான வீட்டு வீராங்கனை விளையாட்டை விட்டால் படிக்கப் போவார். ஏழை வீட்டு வீராங்கனைக்கு விளையாட்டுதான் படிப்பு, அதுதான் சொத்து. சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 2009-ல் அவரிடம் 68 பேர் பயிற்சி பெற்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதலிடமும் மூன்றாமிடமும் பிடித்தார்கள். ஆனாலும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக் நடந்த சமயத்தில் ஒரு செய்தி வெளியானது. ஆசிய விளையாட்டில் இரண்டாவதாக ஓடி வந்த சாந்தி, செங்கல் சூளையில் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கூலிக்கு வேலை பார்க்கிறார்!

எந்தச் சூளையிலிருந்து ஓடித் தப்பினாரோ, அதே சூளைக்குத் திரும்பி வந்திருந்தார்.

சட்டத்தின் கண்ணில்

தமிழ்நாட்டின் இன்னொரு ஓட்டக்காரி கோமதி மாரிமுத்து. 2019-ல் அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, 2020-ல் 4 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பதக்கமும் போனது. அந்த நடைமுறையைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு மாதிரிகள் எடுப்பார்கள். முதல் மாதிரியில் கோளாறு இருந்தால் இரண்டாவதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். விளக்கம் சொல்லலாம். மேல்முறையீடு செய்யலாம். தடைக்கு ஒரு கால அளவு உண்டு, அது முடிந்தால் திரும்ப வரலாம். வலியேவாவுக்கும் இதே வழிதான், 4 ஆண்டுத் தடைதான்.

சாந்திக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை, தடைக்கு முடிவு தேதியும் இல்லை. மருந்து சாப்பிட்டு மாட்டியவருக்குக் கிடைக்கும் நியாயம், எந்தத் தப்பும் செய்யாதவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் பட்ட பாடு வீணாகப் போகவில்லை என்பது மட்டுமே ஆறுதல். 2014-ல் ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் துத்தி சந்த் இதே மாதிரி காமன்வெல்த் போட்டிக்குச் சில நாட்கள் முன்பு நீக்கப்பட்டபோது, அவர் தனியாக இல்லை. ஆய்வாளர் பயோஷ்ணி மித்ரா போன்றவர்கள் கூட நின்றார்கள், வழக்கறிஞர்கள் வந்தார்கள், இந்திய விளையாட்டு ஆணையமும் துணை நின்றது. சாந்தியின் அனுபவத்தைப் பார்த்திருந்ததால்தான் பலரும் விழித்துக்கொண்டார்கள். 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த ஹார்மோன் விதியை நிறுத்தி வைத்தது. துத்தி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவும் 800 மீட்டர் ஓட்டக்காரிதான். 2009-ல் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து வழக்கும் வாய்தாவுமாகவே அவர் வாழ்க்கை போனது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு தீர்ப்பு சொன்னது. அதே 2025 செப்டம்பரிலிருந்து, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓட வேண்டுமானால் ஒரு முறை மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்தது. கைவிடப்பட்ட கட்டாயச் சோதனை வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது.

பெண்கள் பிரிவில் போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. 0.03 வினாடியில் பின்தங்கிய பெண்ணும் உழைத்துத்தான் வந்தார். அவருக்கும் நியாயம் வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்று விஞ்ஞானிகள் வாதாடட்டும். ஆனால் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்படும் பெண்ணையும் மனுஷியாக நடத்த வேண்டும். ரகசியம் காக்க வேண்டும், அவளுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி காட்ட வேண்டும். இதற்கு எந்த விஞ்ஞான ஆராய்ச்சியும் தேவையில்லை.

கணக்கு

2012 செய்திக்குப் பிறகு மத்திய அரசு கவனித்தது. பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சாந்தி சேர்ந்து முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. தோஹா முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து! பறிபோன பதக்கம் மட்டும் இன்னும் அவர் கைக்குத் திரும்பவில்லை.

வரவு செலவு எழுதிப் பார்த்தால் விஷயம் தெளிவாகப் புரியும். ஒரு வீராங்கனை ஜெயித்தால் அந்த லாபம் நாட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பயிற்சியாளருக்குப் பங்கு, சங்கத்துக்குப் பங்கு, மாநிலத்துக்குப் பங்கு, கை தட்டிய நமக்கும் ஒரு பங்கு. நஷ்டம் வந்தால் மட்டும் முழுத் தொகையும் அவள் ஒருத்தி பெயரில் எழுதப்படுகிறது. எந்தக் கூட்டு வியாபாரத்திலாவது இப்படிக் கணக்கு எழுதுவார்களா? லாபத்தில் பங்கு கேட்கிறவன் நஷ்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்பது பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த நியாயம்.

விழுப்புரம் மாவட்ட விளையாட்டு மைதானத்திலும் திண்டிவனத்துப் பள்ளி மைதானங்களிலும் விடியற்காலையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளைக்குப் பெரிய மேடை ஏறலாம். அன்றைக்குக் கை தட்ட ஆள் நிறைய வருவார்கள். அவள் விழுந்தால் தூக்கிவிட யார் வருவார்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வோம்.